கோடையில் பேஸ்மென்ட் யன்னலைத் திறந்து வைக்கலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட ஒரு பங்களோ வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், யூன் பிறந்ததும் பேஸ்மென்டில் மக்கிய வாடை எழும்பிச் செப்டெம்பர் வரை போகாமல் நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காலையில் எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டு மின்விசிறியையும் போட்டுப் பார்க்கிறீர்கள். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணிப் புகையும் காட்டுகிறீர்கள். ஆனாலும் வாடை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இதற்கிடையில் வந்து பார்த்த ஒருவர், உட்பக்கமாகச் சுவரோரம் முழுவதும் தரையை உடைத்து நீர்க்காப்பு வேலை செய்தால் மட்டுமே தீரும் என்று சொல்லிப் பெருந்தொகை ஒன்றைக் கேட்டிருக்கிறார். செய்யலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் யன்னல்களை மூடுங்கள். காற்றோட்டம் இல்லாததால்தான் மணக்கிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். நிலத்துக்கு மேலே, வெளியும் உள்ளும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் இயல்பானது. அங்கே அது சரியானதும்கூட. தெற்கு ஒன்ராறியோவில், நிலத்துக்குள் இரண்டு மீற்றர் இறங்கி நிற்கும் கொங்கிறீட் பெட்டி ஒன்றில், யூலை மாதத்தில், அதே பழக்கம்தான் ஈரத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது.

குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பு வெளிப்புறத்தில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். செம்பு ஒழுகவில்லை, சுற்றியிருந்த காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஆவிதான் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீரானது. எந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கினால் காற்று தன் ஈரத்தைத் தாங்க முடியாமல் கைவிடத் தொடங்குமோ, அதைத்தான் பள்ளிக்கூடத்தில் பனிபடுநிலை என்று படித்தோம். ரொறன்ரோவில் யூலை மாதப் புழுக்கமான நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெளியே 28 பாகை செல்சியஸ், சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய ஆவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற ஈரப்பதன் அளவு, 65 சதவீதம். அந்தக் காற்றின் பனிபடுநிலை ஏறக்குறைய 21 பாகை. மறுபுறம், கோடை தொடங்கும்போது உங்கள் பேஸ்மென்ட் தரையும் சுவரின் அடிப்பகுதியும், பனிக்காலத்தில் குளிர்ந்த மண்ணோடு ஒட்டியிருப்பதால், 15 முதல் 18 பாகைக்குள்தான் இருக்கும். ஆழத்து மண் சூடேறுவதற்கு மாதங்கள் செல்லும். வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும்போது மண் இன்னும் வசந்தகாலத்திலேயே நிற்கிறது. ஆகவே யன்னல் வழியாக இறங்கும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றும், அந்தத் தரையில் படும்போது, வியர்க்கும் செம்பைத் தொட்ட காற்றின் கதியை அடைகிறது. கொங்கிறீட் நுண்துளைகள் உள்ள பொருள் என்பதால் துளித்துளியாக நீர் நிற்பதை நீங்கள் காண மாட்டீர்கள். அது குடித்துவிடும். கம்பளமும், மரச் சட்டமும், காட்போட் பெட்டிகளும், துணி போர்த்திய பழைய சோபாவும் அப்படியே குடிக்கும்.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். மேலே சொன்ன வெளிக்காற்றின் ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 17 அல்லது 18 கிராம் நீராவி உண்டு. 20 பாகையில் 50 சதவீத ஈரப்பதனுள்ள, நாம் விரும்பும் உட்காற்றில் இருப்பதோ 9 கிராமுக்கும் குறைவு. உங்கள் பேஸ்மென்ட் 70 சதுர மீற்றர் என்றும் கூரை 2.2 மீற்றர் உயரம் என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 154 கன மீற்றர் காற்று. யன்னல்கள் திறந்திருந்து மணிக்கு இரண்டு முறை அந்தக் காற்று முழுவதும் மாறினால், ஒரு நாளில் வெளியிலிருந்து வந்து சேரும் மேலதிக நீர் 60 லீற்றருக்கு மேல். யன்னல்களை மூடி, இடுக்குகள் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் காற்று மாறினாலும் 15 லீற்றர் அளவில் வந்துகொண்டுதான் இருக்கும். கடையில் விற்கும் கல்சியம் குளோரைட்டு டப்பாக்கள், கரித்துண்டுப் பைகள், சோடாப் பொடி, கற்பூரம் ஆகியவற்றால் ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பதற்கு இந்த எண்களே பதில். ஒரு டப்பா சில நூறு மில்லிலீற்றரை உறிஞ்சுவதற்குள் அதைப்போலப் பல மடங்கு உள்ளே வந்துவிடும். மூடிய அலுமாரிக்குள் வைப்பதற்கு அவை உதவும், அறைக்கு அல்ல.

வாடை எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். நீருக்கு மணம் இல்லை. ஈரம் தங்கிய தூசியிலும் கடதாசியிலும் மரத்திலும் பூஞ்சணமும் பக்ரீரியாவும் வளரும்போது வெளிவிடும் ஆவிகள்தாம் மூக்கில் ஏறுகின்றன. அவற்றுள் ஒன்று ஜியோஸ்மின்; 1965இல் பெயரிடப்பட்ட இந்தப் பொருளை மனித மூக்கு நம்ப முடியாத அளவுக்கு நுண்ணிய செறிவிலேயே பிடித்துவிடும். முதல் மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் இதே ஜியோஸ்மின்தான் முக்கிய காரணம். முற்றத்தில் எழுந்தால் அதைப் புகழ்கிறோம், வீட்டுக்குள் எழுந்தால் மூக்கைப் பொத்துகிறோம். நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாமலே வாடை வரலாம். வாடை வருகிறது என்பதற்காகச் சுவர் முழுவதும் அழுகிவிட்டது என்றும் பொருளில்லை. சாம்பிராணியைப் பொறுத்தவரை, அது மூக்கைச் சில மணி நேரம் திசைதிருப்பும். யன்னல் மூடிய நிலவறையில் தொடர்ந்து புகை போடுவது மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு நல்லதல்ல என்பதால் அதை மேல் தளத்துச் சாமியறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓசோன் இயந்திரம் வாங்கச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். ஓசோன் நுரையீரலைத் தாக்கும் வாயு. மனிதர் வாழும் வீட்டில் அதற்கு இடமில்லை.

இனி, உங்கள் வீட்டு ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்து வருகிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். நான் இதுவரை சொன்னது காற்றைப் பற்றி; நீங்கள் எழுதிய பருவக் கணக்கும், யன்னல் திறந்தால் கூடுகிறது என்ற குறிப்பும் அதையே காட்டுகின்றன. ஆயினும் ஊகத்தை விட்டு அளந்து பார்ப்பதே முறை. பத்துப் பதினைந்து டொலருக்கு விற்கும் ஈரப்பதன் மானி இரண்டை வாங்குங்கள். ஒன்றைத் தரைக்கு அருகே, வெளிச்சுவர் மூலையில் வையுங்கள். மற்றதை மேல் தளத்தில் வையுங்கள். மலிவான மானிகள் பொய் சொல்வதுண்டு. அவற்றைச் சோதிக்கக் குசினி உப்பே போதும்: ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியையும் சேர்த்து ஒரு சிப் பைக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடிப் பன்னிரண்டு மணி நேரம் விட்டால், உள்ளே ஈரப்பதன் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது பொலித்தீன் சோதனை. அரை மீற்றர் சதுரத்தில் தடித்த, ஒளி புகும் பிளாஸ்ரிக் தாள்களை வெட்டி, ஒன்றை வெறும் கொங்கிறீட் தரையிலும் இன்னொன்றை வெறும் சுவரிலும் நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் ஈரம் பிடித்திருந்தால், அல்லது அந்த இடத்துக் கொங்கிறீட் கறுத்திருந்தால், நீர் மண்ணிலிருந்து ஏறுகிறது. தாளின் மேற்புறம் வியர்த்து அடிப்புறம் உலர்ந்திருந்தால் அது காற்றின் வேலை. இரண்டும் சேர்ந்து இருப்பதும் பழைய வீடுகளில் வழக்கம். அந்தக் காலத்தில் தரைக்கு அடியில் பிளாஸ்ரிக் தாள் விரிப்பது எல்லோரும் கடைப்பிடித்த முறையல்ல. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புப் பூப்பது, நீர் சுவரின் ஊடாக வந்து, தான் கரைத்துக் கொண்டுவந்த உப்பை விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது என்பதற்குச் சாட்சி. காற்றிலிருந்து படியும் ஈரம் அதைச் செய்யாது. பெருமழை பெய்த மறுநாள் மட்டும் ஒரு மூலை ஈரமாகி, வறண்ட வாரங்களில் உலர்ந்துவிடுகிறது என்றால் அது வெளியில் மழைநீர் தேங்குவதன் விளைவு.

மழைநீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவரோரத் தரையை உடைக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏணி வைத்துக் கூரைப் பீலியை எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 100 சதுர மீற்றர் கூரையில் சாதாரணமான 25 மில்லிமீற்றர் மழைக்கு 2,500 லீற்றர். 2024 யூலை 16ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் பதிவானது; 2013 யூலை 8இல் 126 மில்லிமீற்றர். அப்படிப்பட்ட நாளில் உங்கள் கூரை மட்டும் பத்தாயிரம் லீற்றரை இறக்குகிறது. அந்த நீர் எங்கே விழுகிறது என்பதே கேள்வி. முன்பு கூரைக் குழாய்கள் நேராக நிலத்தடி வடிகாலில் சேர்க்கப்பட்டிருந்தன. பெருமழையில் வடிகால்கள் நிரம்பி வீடுகளுக்குள் எதிர்த்து வருவதால், அவற்றைத் துண்டித்து நீரைத் தரையில் விட வேண்டும் என்று ரொறன்ரோ நகரம் கட்டாயமாக்கியது. விதி நியாயமானதே. ஆனால் பல வீடுகளில் குழாயை அறுத்து, ஒரு முழங்கை வளைவைப் பொருத்தி, அத்துடன் விட்டுவிட்டார்கள். அதனால் முழுக் கூரையின் நீரும் அத்திவாரத்தின் காலடியிலேயே கொட்டுகிறது.

ஆகவே மழை நாளில் ஒரு குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடவுங்கள். இதைவிட மலிவான பரிசோதனை இல்லை. பீலி இலை அடைத்து வழிகிறதா, குழாயின் வாய் சுவரிலிருந்து குறைந்தது 1.8 மீற்றர் தள்ளி இருக்கிறதா, நிலம் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து முதல் மூன்று மீற்றருக்குள் நிலம் 15 சென்டிமீற்றராவது இறங்கிச் செல்ல வேண்டும். பழைய வீடுகளில் அத்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் அறுபது ஆண்டுகளில் அமிழ்ந்து, சுவரோரம் ஒரு வாய்க்கால் போலாகியிருக்கும். களிமண் கொண்டு அதை நிரப்பிச் சரிவு கொடுக்க ஒரு சனிக்கிழமை போதும். வெறும் மணலோ தோட்ட உரமண்ணோ போட்டால் நீர் அதனூடாக இறங்கிவிடும். சுவரோடு ஒட்டிக் கறிவேப்பிலைத் தொட்டிகளையும் மிளகாய்ப் பாத்தியையும் வைத்து, மாலைதோறும் குழாய் பிடிக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பாத்தியை வேலியோரம் நகர்த்தியதும் அந்தச் சுவர் உலர்ந்துவிட்டது. பேஸ்மென்ட் யன்னலைச் சுற்றியுள்ள குழியில் இலை மக்கியிருந்தால் அதையும் அள்ளிவிடுங்கள்.

வெளிநீர் ஒழுங்கானபின் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க வேண்டும். அதற்கு டிஹியூமிடிஃபையர் என்ற ஈரநீக்கி இயந்திரமே வழி. இதற்கு மாற்றாக நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. வாங்கும்போது ஒரு விடயத்தில் கவனம் தேவை. அதன் பெட்டியில் எழுதியிருக்கும் பைன்ட் எண் ஒரு நாளில் எவ்வளவு நீர் எடுக்கும் என்பதைக் காட்டுவது. 2019 வரை அந்த எண் ஏறக்குறைய 27 பாகைச் சூட்டில் சோதித்துக் கிடைத்தது. அதன்பின் சுமார் 18 பாகையில், அதாவது பேஸ்மென்டின் உண்மை நிலைமைக்கு அருகில், சோதிக்கிறார்கள். குளிர்ந்த காற்றிலிருந்து நீரை எடுப்பது கடினம் என்பதால், முன்பு 70 பைன்ட் என்று விற்றதே இன்று 50 பைன்ட் என்று விற்கப்படுகிறது. பழைய இயந்திரத்தை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். 2005 முதல் 2013 வரை செய்யப்பட்ட இயந்திரங்கள் பல, வெவ்வேறு பெயர்களில், தீப்பிடிக்கும் ஆபத்துக் காரணமாக மீளழைக்கப்பட்டவை என்பதால் மாதிரி இலக்கத்தை மீளழைப்புப் பட்டியலில் பார்க்காமல் வாங்கவும் வேண்டாம். உங்கள் அளவுள்ள வீட்டுக்கு, நாளொன்றுக்குச் சுமார் 23 லீற்றர் எடுக்கும் இன்றைய 50 பைன்ட் இயந்திரம் பொருத்தமானது. சிறியது வாங்கினால் அது ஓய்வில்லாமல் ஓடி, இலக்கை எட்டாமலே மின்கட்டணத்தைக் கூட்டும்.

அதைத் தரை நடுவில், சுவரிலிருந்து தள்ளி வைத்து, அறைக் கதவுகளைத் திறந்துவிட்டு, 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். கனடிய சுகாதாரத் திணைக்களம் கோடையில் 50 சதவீத அளவையும் பனிக்காலத்தில் 30 சதவீத அளவையும் பரிந்துரைக்கிறது. 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் குளிர்ந்த மூலைகளில் பூஞ்சணத்துக்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடும். வாளி நிரம்பியதும் இயந்திரம் தானாக நின்றுவிடும் என்பதால், வேலைக்குப் போய் மாலையில் வரும் குடும்பங்களில் அது நாளின் பாதி நேரம் சும்மா நிற்கிறது. பின்புறத்தில் ஒரு தோட்டக் குழாயை மாட்டித் தரை வடிகாலுக்கு இறக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முதல் இரண்டு மூன்று வாரங்கள் நீர் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். இயந்திரம் பழுதோ என்று நினைக்காதீர்கள். 154 கன மீற்றர் காற்றை 80 சதவீதத்திலிருந்து 50க்குக் கொண்டுவர ஒரு லீற்றருக்கும் குறைவான நீரை எடுத்தால் போதும். மீதியெல்லாம் கொங்கிறீட்டும் மரமும் துணியும் கோடைதோறும் குடித்து வைத்திருந்தது. அது வெளியேறி முடியும்வரை வாடை முற்றாக நீங்காது. இயந்திரம் வெப்பத்தை வெளிவிடுவதால் அறை ஓரிரு பாகை சூடாகும். குளிர்ந்த தரைக்கு அதுவும் நன்மையே. 500 வாட் இயந்திரம் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 5 யூனிற் மின்சாரம் செலவாகும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் இயந்திரமே நாறும்.

மத்திய குளிரூட்டி இருக்கிறது, அது போதாதா என்று கேட்பார்கள். குளிரூட்டி ஓடும்போது ஈரத்தை எடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஏற்கனவே குளிர்ந்திருக்கும் பேஸ்மென்டுக்குள் மேலும் குளிர்காற்றை ஊதினால் தரையும் சுவரும் இன்னும் குளிர்ந்து, அதே ஈரத்துக்கு இன்னும் எளிதாக வியர்க்கும். கோடையில் கீழ்த்தளத்துக் காற்று வாய்களைப் பெரும்பாலும் மூடி, குளிரை மேல் தளத்துக்கு அனுப்புங்கள். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியில் விசிறி "ஓட்டோ" என்ற நிலையில் இருக்க வேண்டும். எந்நேரமும் சுழலும் நிலையில் வைத்தால், குளிர்க் குழாயில் படிந்த நீர் வடிவதற்குள் விசிறி அதை மீண்டும் வீட்டுக்குள் ஊதிவிடும்.

வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கும் ஈரம் தனி. நம்மவர் வீடுகள் பலவற்றில் மீன் குழம்பும் பொரியலும் மேல் தளத்தில் மணக்கக் கூடாது என்று பேஸ்மென்டில் இரண்டாவது குசினி போட்டிருப்பார்கள். அங்கே அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி வெளியே குழாய் விட்டதா, அல்லது கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திருப்பி அறைக்குள்ளேயே விடுவதா என்று பாருங்கள். இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். சோறு வடிக்கும்போதும் இடியப்பம் அவிக்கும்போதும் எழும் நீராவியில் ஒரு துளியையும் பிடிக்காது. வெளியே இழுக்கும் பெரிய விசிறியைப் பொருத்துவதானால் ஓர் எச்சரிக்கை: பழைய வகை எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கி அருகில் இருந்தால், விசிறியின் இழுவை அதன் புகையை வீட்டுக்குள் திருப்பக்கூடும். உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு சோதித்து, கார்பன் மொனொக்சைட்டு அறிவிப்பான் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்த பின்னரே அதைச் செய்யுங்கள். துணிகளைக் கீழே கயிறு கட்டி உலர்த்துவதைக் கோடையில் கைவிடுங்கள். ஒரு தடவைத் துவைப்புத் துணி இரண்டு லீற்றர் அளவுக்கு நீரை அறைக்குள் விடும். வெயில் இருக்கும்போது பின்வளவில் போடலாமே.

பொருட்களை வைக்கும் முறைக்கும் வாடைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்தத் தொழிலில் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடிச் சென்ற வாடைகளில் பல, கடைசியில் தரையில் அடுக்கிய காட்போட் பெட்டிகளிலேயே போய் முடிந்திருக்கின்றன. பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள், கலியாண அல்பங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் என்று எறிய மனமில்லாதவை அவற்றுக்குள் இருக்கும். காட்போட் பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. அவற்றை மூடியுள்ள பிளாஸ்ரிக் தொட்டிகளுக்கு மாற்றி, உலோகத் தட்டுகளில், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஆனால் ஈரமாக இருப்பதை அப்படியே தொட்டியில் மூடினால் உள்ளேயே புழுங்கும். முதலில் வெயிலில் காய வைக்க வேண்டும். கொங்கிறீட்டின் மேல் நேரடியாக ஒட்டிய கம்பளம் ஒருமுறை நாறத் தொடங்கிவிட்டால் அதைக் கழுவி மீட்க முயல்வது வீண். எடுத்துவிடுங்கள். 1960களின் வீடு என்பதால், கம்பளத்தை உரித்ததும் அடியில் ஒன்பது அங்குலச் சதுரத் தரையோடுகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அவற்றிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இருக்க நல்ல வாய்ப்புண்டு. உடைக்காமல், உராய்க்காமல் விட்டால் ஆபத்தில்லை, உடைத்தால் ஆபத்து.

முன்விறாந்தைக்கு அடியில் கோல்ட் ரூம் என்ற சிறு அறை உங்கள் வீட்டிலும் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். மூன்று பக்கமும் மண்ணும் மேலே கொங்கிறீட் தட்டும் உள்ள அந்த அறை, பனிக்காலத்தில் உருளைக்கிழங்கு வைப்பதற்கென்று கட்டப்பட்டது. நாம் அதில் அரிசி மூடைகளையும் மிளகாய்த்தூளையும் ஊரிலிருந்து வந்த ஒடியலையும் புழுக்கொடியலையும் வைக்கிறோம். கோடையில் அதன் சுவரிலுள்ள காற்றுத்துளை வழியாக வெளிக்காற்று நுழைந்து, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் படிகிறது. அந்தக் கதவை வெளிக்கதவைப் போலவே நினைத்து, சுற்றிலும் ரப்பர்ப் பட்டி ஒட்டி இறுக மூடுங்கள். அரிசியையும் தூளையும் மேலே கொண்டுபோய்விடுங்கள். வாடை முழுவதும் இந்த ஓர் அறையிலிருந்தே கசிந்துகொண்டிருந்த வீடுகள் உண்டு.

சுவர்கள் ட்ரைவோல் என்ற ஜிப்சம் பலகை போட்டு மூடப்பட்டிருந்தால் நிலைமை சற்றுச் சிக்கலானது. பழைய முறையில் கொங்கிறீட்டுக்கும் ட்ரைவோலுக்கும் இடையில் கண்ணாடி நார் திணித்து, அதன்மேல் பொலித்தீன் தாள் விரித்திருப்பார்கள். பனிக்காலத்தில் வீட்டு ஈரம் சுவருக்குள் போகாமல் தடுப்பது அதன் நோக்கம். கோடையிலோ கொங்கிறீட்டிலிருந்து உள்நோக்கி வரும் ஈரம் அதே தாளின் பின்புறத்தில் சிக்கி, உலர வழியில்லாமல் நாரையும் மரத்தையும் நனைக்கிறது. சுவரின் அடியில் ஓடும் பட்டியை மெதுவாகக் கழற்றி, பின்னால் ஒரு சிறு துளை போட்டு முகர்ந்து பாருங்கள். வாடை அங்கே கடுமையாக இருந்தால் அந்தப் பகுதியை அகற்றி, மீண்டும் கட்டும்போது கொங்கிறீட்டோடு நேரடியாக ஒட்டும் கெட்டி நுரைப் பலகையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வெறும் சுவரில் நீர்க்காப்புப் பெயின்ற் அடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரம் வெளியிலிருந்து தள்ளும்போது உள்ளே பூசிய பூச்சு இரண்டு மூன்று ஆண்டுகளில் கொப்புளமிட்டு உரிந்துவிடும்.

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால், அது ஒரு சதுர மீற்றருக்கும் குறைவான ஓரிரு திட்டுகளாக இருக்கும்வரை நீங்களே துடைக்கலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். பிளீச் தேவையில்லை. ஊறிய ட்ரைவோலைத் துடைத்துப் பயனில்லை, வெட்டி எறிய வேண்டும். காற்றைச் சோதித்து எத்தனை வித்துகள் என்று அறிக்கை தருபவர்களுக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். கனடிய சுகாதாரத் திணைக்களமே வீட்டுக் காற்றில் அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. என்ன எண் வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்திப் பூஞ்சணத்தை அகற்றுவது.

உங்கள் மூக்குக்கு எட்டுவது மக்கிய வாடையா, அழுகிய முட்டை போன்ற நாற்றமா என்பதையும் ஒருமுறை கவனியுங்கள். பின்னையது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். தரை வடிகாலின் அடியிலுள்ள வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றினால் கழிவுக் குழாயின் வாயு வீட்டுக்குள் வரும். ஒரு வாளி நீரை ஊற்றி, அதன்மேல் சிறிது கனிம எண்ணெய் விட்டால் மீண்டும் வற்ற வெகுகாலம் ஆகும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தப் பெரிய ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். மழைக்குப் பின் சுவரும் தரையும் சேரும் மூலையில் நீர் ஊறுகிறது, வெடிப்பின் வழியே கோடாக ஒழுகுகிறது, பீலியையும் சரிவையும் திருத்திய பின்னும் பொலித்தீன் தாளின் அடி நனைகிறது என்றால், அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் நீரை வடிக்கும் வீப்பிங் டைல் என்ற குழாய் அடைபட்டிருக்கலாம். அந்தக் காலத்துச் சுட்ட களிமண் குழாய்களுக்குள் மண்ணும் வேரும் புகுவது வழக்கம். அப்போது வெளியே தோண்டிக் குழாயை மாற்றிச் சுவரில் குமிழ் வைத்த பிளாஸ்ரிக் தாளைப் போர்த்துவதோ, உள்ளே வடிகால் வெட்டி, சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் வைப்பதோ நியாயமான செலவு. இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். சம்ப் பம்புக்கும் கழிவுநீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வுக்கும் ரொறன்ரோ நகரம் மானியம் வழங்குகிறது, வேலை தொடங்குமுன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். ஒற்றை வெடிப்புக்கு ஊசி மூலம் பிசின் ஏற்றி அடைக்கும் சிறு வேலையே போதும். அதற்காக நான்கு சுவரோரமும் தரையை உடைக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதில் ஒழுக்கு என்ற சொல்லே இல்லை. வாடை மட்டும், அதுவும் கோடையில் மட்டும் என்றால், அந்த வடிகால் வேலை முழுவதும் முடிந்த பின்னும் அடுத்த யூலையில் யன்னலைத் திறந்ததும் அதே வாடை வரும்.

யன்னலை என்றென்றைக்கும் மூடி வைக்கச் சொல்லவில்லை. வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு பனிபடுநிலையும் வரும், கைபேசியிலேயே பார்க்கலாம். அது 10 பாகைக்குக் கீழே இருக்கும் நாளில் தாராளமாகத் திறவுங்கள், உள்ளே ஈரம் குறையும். 15ஐத் தாண்டினால் மூடுங்கள். இடைப்பட்ட நாட்களில் உங்கள் மானி சொல்வதைக் கேளுங்கள். கீழே யாராவது குடியிருந்தால், அவர்கள் தப்பி வெளியேற வேண்டிய யன்னலைப் பூட்டியோ பொருட்களால் மறைத்தோ வைக்கக் கூடாது. தாழ் மட்டும் போட்டிருந்தால் போதும். செப்டெம்பர் பிற்பகுதியில் பனிபடுநிலை இறங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, வாளியைக் கழுவிக் காயவைத்து, நிமிர்ந்த நிலையிலேயே எடுத்து வையுங்கள். மறு ஆண்டு வாடை வரும்வரை காத்திராமல், மே மாதக் கடைசியில் மானி 55ஐத் தொட்டதும் போட்டுவிடுங்கள்.